ஜம்புவுக்குத் தண்ணீர்

ஆடி 2, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய் அகிலாண்டேஸ்வரியைப் பார்த்து வந்தேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். செங்கண்ணன் என்றபோது குரல் உடைந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மாள், "பையனுக்குப் பரீட்சையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அது பிசகு. யார் கேட்டாலும் மஞ்சள் காமாலை என்று சொல்வதாக இவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். இனிமேல் காமாலைதான்.

மாலை ஆஸ்பத்திரி. மூச்சுக் குழாயெல்லாம் எடுத்து, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போன் கூடாது, பெல்ட் கூடாது, கண்ணாடி டம்ளர் கூடாது. டிபன் டப்பாவோடு கொண்டுபோன ஸ்பூனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தவன் இன்று என் பக்கம் திரும்பினான்.

"ஜம்புவுக்குத் தண்ணி வச்சியாம்மா?"

வைத்தேன் என்றேன். வைக்கவில்லை. அந்த அறைக்குள் போகவே இல்லை.

வெளியே வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். "அவரா வாயத் திறந்து கேட்டது இது ஒண்ணுதாம்மா. யாரு ஜம்பு? நாயா?"

"சிலந்திங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எதுவா இருந்தா என்ன. பத்திரமா பாத்துக்குங்க. அவர் வீட்டுக்கு வர்றப்ப அது இருக்கணும்."

பஸ்ஸில் வரும்போது அந்த 'இருக்கணும்' மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பங்குனியில் சென்னையிலிருந்து இரண்டு பையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியுமாக வந்தான். லீவு என்றான். அந்த லீவு முடியவே இல்லை. பெட்டிக்குள் இருந்தது இந்த ஜம்பு. கால்களை விரித்தால் என் உள்ளங்கையளவு இருக்கும். சாம்பல் நிறத்தில் உடம்பெல்லாம் மயிர். ஏதோ சிலி என்ற நாட்டு ஜாதியாம். ஜம்புகேஸ்வரர் பெயரையா ஒரு பூச்சிக்கு வைப்பாய் என்று சண்டை போட்டேன். "சாமியே சிலந்திக்கு மோட்சம் குடுத்தாரு, நீ ஒரு பேரு குடுக்க மாட்டியா" என்றான்.

சொல்வது சரிதான். எங்கள் கோயில் கதையே அதுதானே. நாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கண் சோழனாகப் பிறந்தது. அந்த ராஜா பெயரைத்தான் இவனுக்கு வைத்தோம். பள்ளிக்கூடத்தில் கதை தெரிந்த பிள்ளைகள் 'எட்டுக்காலு' என்று கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வருவான் என்று பார்த்தால், தீப்பெட்டிக்குள் சிலந்தி பிடித்துக்கொண்டு வந்தான்.

நாளைக்கு மூடியைத் திறக்க வேண்டும்.

ஆடி 3, சனி

சமையல், துணி, ரேஷன் கடை என்று ஒவ்வொரு வேலையாகச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மத்தியானத்துக்கு மேல் செய்ய வேலையே இல்லாமல் போய்விட்டது.

இவர் துவாக்குடிப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அறை வாசலிலேயே நின்றுகொண்டார். "ஓடுற லேத்துல வேணா கைய விடுறேன் தையலு. இதுல விட மாட்டேன்."

நீளக் காம்புக் கரண்டியில் தண்ணீர் மொண்டு, சிவாயநம சொல்லிக்கொண்டே மூடியைத் தள்ளினேன். உள்ளே ஓரத்தில் ஒரு பாட்டில் மூடி. அதுதான் அதற்குத் தண்ணீர்க் கிண்ணம். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. ஊற்றினேன். ஜம்பு சட்டென்று திரும்பி, பின்னங்காலால் தன் முதுகுப் பக்கத்தைப் பரபரவென்று தேய்த்தது. கரண்டியைப் போட்டுவிட்டு மூடியைச் சாத்தினேன்.

சற்று நேரத்தில் மணிக்கட்டு அரிக்க ஆரம்பித்தது. சிவந்து தடித்தது. விஷம் தலைக்கு ஏறுமுன் சொல்லிவிட வேண்டும் என்று பீரோச் சாவி இருக்கும் இடம், ரேஷன் கார்டு இருக்கும் இடம், செங்கண்ணனுக்கு ரசத்தில் பூண்டு தட்டிப்போட வேண்டும் என்பதெல்லாம் இவரிடம் சொன்னேன்.

"அரிக்குதுன்னா சொறி தையலு" என்றார். ஆனால் மாலை வரை என்னை விட்டு நகரவில்லை.

கரண்டி இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

ஆடி 4, ஞாயிறு

தில்லைநகரில் மீன்தொட்டிக் கடை ஒன்றில் இந்த மாதிரி ஜீவன்களும் விற்கிறார்கள். கடைக்காரத் தம்பி மரியாதையாகப் பேசினான்.

"காட்டுல இருக்குறதுக்கா. ஈரம் வேணும். தினம் ரெண்டு வேளை ஸ்ப்ரே பண்ணுங்க. மேல ஒரு பல்பு போடுங்க. பூச்சிய உள்ள விட்டுட்டு மறந்துருங்க. பசிச்சா தின்னுக்கும்."

கிரிக்கெட் பூச்சி என்கிறார்கள். ராத்திரி கத்துமே, அந்தச் சிள்வண்டு ஜாதி. உயிரோடு வாங்கி உயிரோடு உள்ளே தள்ள வேண்டும். ஆடி மாதம் நான் முட்டைகூடத் தொடுவதில்லை. ஈஸ்வரன் இதை என் கணக்கில் எழுதட்டும், அவன் கணக்கில் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு ஒன்றை விட்டேன்.

ஈரம் என்றதும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஜம்புகேஸ்வரரே நீர் லிங்கம். கருவறையில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். அவர் பெயர் வைத்ததற்குத் தண்ணீர் ஆகாமல் போகுமா? அவன் இரண்டு வேளை என்றான், நான் மூன்று வேளை தெளித்தேன். மேலே பல்பும் போட்டேன்.

செலவு: பூச்சி டப்பா 120, ஸ்ப்ரே பாட்டில் 60. மளிகையில் எழுதுவதா மருத்துவத்தில் எழுதுவதா என்று யோசித்து, மருத்துவத்தில் எழுதினேன்.

ஆடி 5, திங்கள்

மூன்று வேளையும் தெளித்தேன். ஆஸ்பத்திரியில் இன்று பேச்சு இல்லை. ஒரு இட்லி சாப்பிட்டான்.

ஆடி 6, செவ்வாய்

காலையில் பார்த்தால், ஜம்பு பெட்டிச் சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணில் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. தப்பிக்கப் பார்க்கிறதா, தாகமா என்று புரியாமல் இன்னும் கொஞ்சம் தெளித்தேன். இன்னும் மேலே போயிற்று.

பதினோரு மணிக்கு என் போனுக்கு ஒரு பையன் கூப்பிட்டான். செங்கண்ணனோடு சென்னையில் ஒரே அறையில் இருந்த ஜெரோம். இப்போது பெங்களூரில் இருக்கிறானாம்.

"ஆன்ட்டி, செங்கண் எப்படி இருக்கான்?"

"காமாலை தம்பி. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம்."

"அன்னைக்கு நைட்டு அவன் எனக்கு மெசேஜ் போட்டிருந்தான் ஆன்ட்டி. நான் விடிஞ்சப்புறந்தான் பாத்தேன்."

என்ன மெசேஜ் என்று நான் கேட்கவில்லை. ஜம்பு சுவரில் ஏறி நிற்பதையும், பல்பு போட்டதையும், அன்று கை அரித்ததையும் சொன்னேன். உடனே அவன் குரல் மாறிவிட்டது.

"ஸ்ப்ரே பண்ணீங்களா? யாரு சொன்னா? அது வறண்ட காட்டு ஜாதி ஆன்ட்டி. கால் நனையிறது பிடிக்காமத்தான் மேல ஏறி நிக்குது. பல்ப அணைங்க மொதல்ல, வெந்துடும். கிண்ணத்துல மட்டும் தண்ணி போதும். அரிப்புக்கு ஒண்ணும் பயப்படாதீங்க, அது முடிய உதிர்த்துவிட்டிருக்கு. டேப் ஒட்டிப் பிச்சு எடுங்க."

இந்த மாதிரி வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் என்னைச் சேர்த்துவிட்டான். மத்தியானம் முழுக்கப் படித்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். மகன் புத்தகங்களை வைத்து எழுத்துக்கூட்டிக் கற்ற இங்கிலீஷ்தான். ஒருவர் கிண்ணத்தில் ஸ்பாஞ்ச் போடு என்கிறார், அடுத்தவர் ஸ்பாஞ்ச் போட்டால் கிருமி என்கிறார். வாரம் ஒரு பூச்சி என்கிறார் ஒருவர், மாதம் இரண்டே அதிகம் என்கிறார் இன்னொருவர். கடைசியில் ஒருவரையொருவர் 'முதல்ல நீ எத்தனை கொன்னிருக்க சொல்லு' என்று கேட்டுக்கொள்கிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். டாக்டரம்மா, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்கிறார். கவுன்சிலிங் கொடுக்கிறவர், ஒன்றும் கேட்காதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காருங்கள் என்கிறார். இவர், பேசாமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்கிறார்.

மாலையில் தேங்காய் நார்த் தூளை மொட்டைமாடியில் காயவைத்து, கரண்டியால் மூன்று மூலையில் நிரப்பினேன். கடைக்காரத் தம்பிக்கு மரியாதையாக ஒரு மூலையை ஈரமாகவே விட்டேன். ஜம்பு மெதுவாக இறங்கி, ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து, காய்ந்த மூலையில் போய் உட்கார்ந்தது.

அதையே முதலில் கேட்டிருக்கலாம்.

ஆடி 8, வியாழன், அமாவாசை

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பினால் வசந்தகோகிலம் அண்ணி நிற்கிறார், இவருடைய அக்கா. கையில் ஒரு கட்டுக் கீழாநெல்லி.

"காமாலைக்கு இத விட்டா மருந்து கெடையாது. அரைச்சு மோர்ல கலந்து குடு. இங்கிலீஷ் மருந்துக்காரன் கெடக்கான்."

சரி அண்ணி என்று வாங்கிக்கொண்டேன். செங்கண்ணன் அறை திறந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டார்.

"அய்யய்ய, என்ன கருமம்டி இது? வயசுப்புள்ள படுத்துக்கெடக்கான், வீட்டுல தேள் வளக்குறீங்களா?"

"சிலந்தி அண்ணி."

"பெரிய வித்தியாசம்! வெளக்குமாத்தால ரெண்டு போட்டுக் கூட்டித் தள்ளு. இது வந்த நேரந்தான் அவன் படுத்துட்டான்."

நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் விளக்குமாற்றை உண்மையாகவே தேடினார் என்று நினைக்கிறேன். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தேன். கீழாநெல்லியை அரைத்தேன். அவர் கேட்டால் அரைத்தேன் என்று சொல்வது பொய்யாகாது. செம்பருத்திக்கு ஊற்றினேன்.

பூச்சியை ஜம்பு தொடவே இல்லை. பூச்சி அதுபாட்டுக்கு உள்ளே உலாத்துகிறது.

ஆடி 9, வெள்ளி

இன்று அவனாகக் கேட்டான். "சாப்பிடுறானா?"

விட்ட நாளிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை என்று எப்படிச் சொல்வது? இவனே இப்போதுதான் ஒரு இட்லியிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறான்.

"நல்லா சாப்பிடுறான்பா. விட்டதும் ஓடி வந்து பிடிக்கிறான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டி முன் உட்கார்ந்து, "தின்னுடா, ஒரு வாய் தின்னுடா" என்று கெஞ்சினேன். இவனுக்குச் சின்ன வயதில் சொன்ன அதே குரல் வந்துவிட்டது.

ஆடி 12, திங்கள், ஆடிப்பூரம்

அம்மனுக்கு வளையல் சாத்திவிட்டு வந்தால், ஜம்புவின் மேசையில் எறும்புச் சாரை. உள்ளே ஏதோ இற்றுப்போன பூச்சிக் கால் கிடந்தது, அதற்குத்தான் வந்திருக்கின்றன. எறும்பு ஏறினால் உயிரோடு மொய்த்துவிடுமே என்று சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு மேடைக்குப் பின்னால் எறும்புச் சாக்பீஸ் இருந்தது. பெட்டியைச் சுற்றி இரட்டைக் கோடு இழுத்தேன். மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டு, கோலம் மாதிரியே வந்தது. எறும்பெல்லாம் திரும்பிப் போயிற்று. முதல்முறையாக ஒரு காரியம் உருப்படியாகச் செய்ததாகத் தோன்றியது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன்.

ஆடி 13, செவ்வாய்

விடிந்ததும் ஜெரோம்.

"ஆன்ட்டி, அத அழிங்க! தொடச்சுட்டு வந்து பேசுங்க! அது பூச்சி மருந்து. எறும்புக்கு வேற, சிலந்திக்கு வேறன்னு அதுக்குத் தெரியுமா? தூள் காத்து ஓட்டை வழியா உள்ள போனாலே போதும்."

பெட்டியைத் தூக்கினேன். இரண்டு கையாலும் தூக்கினேன், பயப்பட நேரமில்லை. கூடத்தில் ஸ்வாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மேசையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, அதுவும் போதாதென்று கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது.

அதன்பிறகுதான் உறைத்தது. அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய மறுநாளே, டாக்டரம்மா சொன்னபடி, எலி மருந்து, பினாயில், கொல்லையில் செடிக்கு அடிக்க வைத்திருந்த மருந்தில் மீதி, இவருடைய பிரஷர் மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்தாயிற்று. மாத்திரையை இவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். வீடு சுத்தம் என்று நினைத்திருந்தேன். அடுப்புக்குப் பின்னால் சாக்பீஸ் இருந்திருக்கிறது. நானே எடுத்து, கோலம் போட்டு, கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது இந்த வீட்டில்? சமையலறை அலமாரியை மூன்றாவது முறையாக இறக்கிப் பார்த்தேன். இவர் வேலைக்குப் போகாமல் கூடவே இறக்கினார். இருவரும் எதற்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஜம்பு நடுங்குகிறதா, என் கண் நடுங்குகிறதா தெரியவில்லை.

ஆடி 14, புதன்

இருக்கிறது. ஒரு காலை நகர்த்தியது.

ஆடி 16, வெள்ளி

புகை ஆகாது என்பது குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற ஒரே விஷயம் என்பதால், இன்று சாம்பிராணி போடவில்லை. ஆடி வெள்ளியில் சாம்பிராணி இல்லாமல் இந்த வீடு இருந்ததே கிடையாது. அம்பாளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கும் பிள்ளை இருக்கிறது.

ஆசாரி வந்து செங்கண்ணன் அறையின் உள்தாழ்ப்பாளையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டுப் போனார். "எதுக்கும்மா நல்ல தாழ்ப்பாள?" என்றார். துரு பிடித்துவிட்டது என்றேன். பளபளவென்று அவர் கையில் இருந்தது. கூலி 200.

ஜம்பு தரை முழுக்க வெள்ளையாக மெல்லிய வலை விரித்திருக்கிறது, பாய் மாதிரி. முடி உதிர்ந்து வழுக்கையான பின்பக்கம் கறுத்துவிட்டது. நோயா?

ஆடி 18, ஞாயிறு, பதினெட்டாம் பெருக்கு

சித்ரான்னம் கிளறி இறக்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். ஜம்பு மல்லாந்து கிடக்கிறது. எட்டுக் காலும் மேலே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கத்தினேனா தெரியாது. காவிரிக்குப் போகலாம் என்று கூப்பிட வந்த அண்ணி, கூடைக் கையோடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"செத்துருச்சுடி. விட்டுது பீடை. பேப்பர்ல சுருட்டிக் குடு, காதோலை கருகமணியோட ஆத்துல விட்டுடுறேன்."

மாலை நாலு மணிக்கு அவன் கேட்பான். என்ன சொல்வேன்? ஜெரோமுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருப்பான். கடைக்காரத் தம்பிக்கு அடித்தேன்.

"மல்லாந்துட்டா முடிஞ்சுதுக்கா. வருத்தப்படாதீங்க, அதே மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. எடுத்துட்டுப் போங்க. உங்க பையனுக்கு வித்தியாசமே தெரியாது."

பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் கிளம்பிவிடப் பார்த்தேன். செருப்புக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு, 'அப்ப சரி' என்று அவன் என் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றினேன்.

குழுவில் கேட்டேன். உடனே பத்துப் பதில். 'செத்ததுக்குக் கால் உள்ளே மடங்கும், மல்லாந்தால் தோல் உரிக்கிறது, தொடாதே.' 'உடனே புரட்டிப் போடு, மூச்சு முட்டும்.' 'புரட்டினால் கொன்றுவிடுவாய்.' 'தண்ணீர் தெளி.' 'ஒரு சொட்டுக்கூடத் தெளிக்காதே.'

யார் பேச்சைக் கேட்பது? எனக்குத் தெரிந்தது கோயில் கதைதான். அந்தச் சிலந்தி ராஜாவாகப் பிறக்கும் நேரத்தில், இன்னும் ஒரு நாழிகை பொறுத்துப் பிறந்தால் மூவுலகும் ஆள்வான் என்று ஜோசியர் சொல்ல, ராணி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாளாம். பிள்ளை கண் சிவந்து பிறந்ததாம். சின்ன வயதில் இந்த இடம் வரும்போதெல்லாம் செங்கண்ணன், "அந்த அம்மாவுக்கு வலிக்காதா?" என்பான். தலைகீழாகக் கிடப்பதெல்லாம் சாவு இல்லை. நேரத்துக்குக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்போது ஜெரோம் செய்தி வந்தது. 'தோல் உரிக்கிறது ஆன்ட்டி, சூப்பர். உள்ள பூச்சி எதுவும் இல்லையே? ஒடம்பு இப்ப வெண்ணெய் மாதிரி இருக்கும். பூச்சி கடிச்சா அவ்ளோதான்.'

பூச்சி இருக்கிறது. விட்டுவிட்டு மறந்துவிடச் சொன்னான் கடைக்காரன். தின்னவில்லை என்ற ஒரு சொல்லை அன்றே செங்கண்ணனிடம் சொல்லியிருந்தால், வெளியே எடு என்று அவனே சொல்லியிருப்பான். நல்லா சாப்பிடுறான் என்றேன். ஜம்புவின் கால் நுனிக்குப் பக்கத்தில், மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

கரண்டி பட்டால் ஜம்பு மேல் இடித்துவிடும். கைதான் விட வேண்டும்.

"அண்ணி, இந்த மூடியக் கொஞ்சம் பிடிங்க. ஆட்டாம பிடிங்க."

"பைத்தியமாடி உனக்கு? காமாலக்காரன் வளக்குற பூச்சிக்குப் போயி..."

"காமாலை இல்ல அண்ணி."

சொல்லிவிட்டேன். அண்ணி கூடையைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தெரியும்டி. என் தம்பி மூஞ்சிய எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"பின்ன எதுக்குக் கீழாநெல்லி கொண்டாந்தீங்க?"

"வெறுங்கையோட எப்படிடி வர்றது?" என்றார். "மூடியக் குடு. சீக்கிரம். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

கையை விட்டேன். உள்ளே சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. ஜம்புவின் வயிற்றுக்கும் என் மணிக்கட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி. மயிர் மயிராகத் தெரிந்தது. பூச்சி ஒரு தாவல் தாவி அதன் காலடியில் போய் நின்றது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார், மூடி மட்டும் அசையவில்லை. இரண்டாம் முறை விரலை மெதுவாகக் கொண்டுபோய், பூப்பறிக்கிற மாதிரி மீசையோடு சேர்த்துப் பிடித்தேன். வெளியே எடுத்து ஜன்னல் வழியாகச் செம்பருத்திமேல் விட்டேன். போ, உனக்கும் ஆயுசு இருக்கிறது.

அண்ணியும் நானும் சித்ரான்னத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து தின்றோம். காவிரிக்கு இந்த வருஷம் இரண்டு பேரும் போகவில்லை.

மார்புப் பக்கம் மூடி திறக்கிற மாதிரி விரிந்து, உள்ளிருந்து வெளுப்பாக ஒன்று, ஒவ்வொரு காலாக, கையுறை கழற்றுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. நடுவில் வெகுநேரம் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு விரலால் லேசாக இழுத்துவிட்டால் என்ன என்று கை பரபரத்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதும்பாட்டுக்கு வரட்டும்."

இவர் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

ஆடி 19, திங்கள்

பெட்டிக்குள் இரண்டு ஜம்பு. ஒன்று வெறும் தோல், கால், மயிர், எல்லாம் அப்படியே. இன்னொன்று இளஞ்சிவப்பாக, புதுசாக, பல் மட்டும் அரிசி மாதிரி வெள்ளையாக. களைத்துப்போய் ஒருக்களித்துக் கிடக்கிறது. இருக்கிறது.

ஆடி 21, புதன்

தோலைக் கரண்டியால் எடுத்து, பழைய குங்குமச் சிமிழில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் சிமிழைத் திறந்த நர்ஸ் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். டாக்டரம்மாவே வந்து பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "போகட்டும், விடுங்க" என்றார்.

செங்கண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் சொன்னேன். ஜம்பு சாப்பிடவே இல்லை என்று சொன்னேன். தண்ணீர் தெளித்தது, பல்பு போட்டது, சாக்பீஸ் கோலம், பூச்சி, எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துபோய்ப் பொய் சொல்லிவிட்டேன் என்றேன்.

"சாக்பீஸா?" என்று திரும்பினான். "நீ ஒரு ஆளே போதும்மா."

சிரித்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிமிழைக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்தான். கொஞ்சம் தண்ணீர் கேட்டான். பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தார்கள். விரல் நுனியால் சொட்டு விட்டு, தோலை ஊறவைத்து, பின்பக்கத்தைச் சுருக்கம் சுருக்கமாக விரித்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். அவன் விரல் நடுங்கவில்லை. அத்தனை பெரிய கையில் அவ்வளவு மெதுவாக ஒன்றைப் பிடித்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

"பொண்ணும்மா."

"என்னது?"

"ஜம்பு பொண்ணு. உள்தோல்ல தெரியும். ஆணா இருந்தா ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடும். பொண்ணுன்னா இன்னும் பதினஞ்சு, இருபது வருஷம்கூட இருக்கும்."

"இருபது வருஷமா!" என்றேன். யோசிக்காமல்தான் வாயில் வந்தது. "எனக்கு இப்பவே அம்பத்தி ஒண்ணு. அதுவரைக்கும் யாரு பாத்துக்குறது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. கேள்வியே கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்களே. அவன் தோலைப் பழையபடி சிமிழில் மடித்து வைத்தான். ஒவ்வொரு காலாக. மூடியைத் திருகினான்.

"நாந்தான் பாக்கணும்" என்றான்.

ஆடி 27, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டான். அண்ணி ஆரத்தி சுற்றினார். காமாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜம்புவின் பெட்டியைக் காலையிலேயே அவன் அறைக்கு மாற்றி வைத்திருந்தேன்.

அறைக்குள் போகும்போது கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தைப் பார்த்தான். நான்கு ஆணி ஓட்டை. ஒன்றில் விரலை வைத்துவிட்டு எடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். தண்டையும் இலையையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை. இவர் பேப்பரைப் பிடித்திருந்தார், பக்கம் திருப்பவில்லை. தோல் உரித்தபின் கொஞ்ச காலம் சும்மா விட வேண்டும், மூடியை மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று குழுவில் எழுதியிருந்தார்கள். எல்லாம் தெரிகிறது. கை கேட்க மாட்டேன் என்கிறது.

எழுந்து கதவுவரை போனேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒரு விரல் தள்ளினால் திறக்கும். அப்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி."

"உனக்கா?"

"ஜம்புவுக்கு. கிண்ணம் காஞ்சு கெடக்கு, என்னத்தப் பாத்துக்கிட்ட?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். கதவைத் தட்டிவிட்டு நின்றேன்.

வந்து திறந்தான்.